சீனத் தோட்டத்தில் சித்தி எழும்பாத நாள்

மருந்துப் போத்தலில் உள்ள சின்ன எழுத்தை வாசிக்கக் கையை நீட்டி நீட்டிப் பார்க்கும் வயதுக்கு வந்துவிட்டோம். தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோ பேஸ்மென்ற்றுகளில் வளர்ந்த என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை. "வை டிடின்ட் ஷீ ஜஸ்ட் ஸ்டாண்ட் அப்?" என்று ஒரே கேள்வியில் கதையை முடித்துவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். என் மகள் அப்படித்தான் செய்தாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு சித்தியோ மாமியோ இருந்திருப்பார், கலியாணம் ஆகாமல், உங்களோடு ஒரே அறையில் படுத்துக்கொண்டு. எங்கள் வீட்டில் இருந்தவர் அம்மாவின் தங்கை. எனக்குப் பதினொரு வயது, அவருக்கு முப்பத்தொன்று. அஜின்கோர்ட்டில் யாரோ ஒருவருடைய வீட்டின் பேஸ்மென்ற்றில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் புல்லின் அடிதான் தெரியும். சித்திக்கும் எனக்கும் ஒரே கட்டில், ஒரே போர்வை. கணக்குப் பாடத்தில் எனக்கு வந்த சந்தேகமெல்லாம் அந்தப் போர்வைக்குள்தான் தீர்ந்தது.

ஊரில் ஷெல் விழுந்தபோது சித்தியின் இடது கால் முறிந்தது. எலும்பு ஒட்டியபோது கால் கட்டையாகிவிட்டது. இங்கே வந்தபிறகு ஆஸ்பத்திரியில் சொல்லி ஒரு சோடி கறுப்புச் சப்பாத்துச் செய்வித்தார்கள். இடதுக்கு அடித்தோல் மூன்று விரல் தடிப்பு. அதைப் போட்டாலும் சித்தி நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். படியில் ஒரு அடி மெல்லக் கேட்கும், அடுத்த அடி பலமாகக் கேட்கும். அந்தச் சத்தம் மேலே ஏறிப் போனால் காலை ஆறரை மணி என்று அர்த்தம். பிஸ்கட் பெட்டி அடைக்கும் தொழிற்சாலைக்குப் போக ஷெப்பேட் தெருவில் பஸ்ஸுக்கு நிற்பார்.

சித்தியின் காலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு கூடாத வார்த்தை பேசியதில்லை. பேசாமலே மறைத்தோம். எங்கள் அல்பத்தில் சித்தி நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. சோபாவில் இருப்பார், கதிரையில் இருப்பார், பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் இருப்பார். அப்பா கமராவைத் தூக்கினால் அம்மா, "நீ இரு, நீ இரு" என்று சித்தியைத் தோளில் பிடித்து இருத்துவார். அதைப் பாசம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சீனத் தோட்டத்துக்கு முந்தைய வருடம் இரண்டு பேர் பெண் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். சித்தி குசினியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு நடந்து வந்தார். எட்டு அடி தூரம்கூட இராது. முதலில் வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் அதை முடிக்கவும் இல்லை. அன்றைக்குச் சித்தி கோப்பைகளைக் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"அக்கா, இனி ஒருத்தருக்கும் முன்னால நான் நடந்து காட்டமாட்டன். கேக்காதேங்கோ."

அம்மா கேட்கவில்லை. கேட்காமல் செய்தார்.

அடுத்த கோடையில் தரகர் அங்கிள் ஒரு கலியாணப் பேச்சுக்கால் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, தகப்பன் இல்லை, தாய் மட்டும். அம்மா ரெலிபோன் வயரை விரலில் சுற்றிச் சுற்றிக் கதைத்தார். அந்தப் பக்கம் தரகர் அங்கிள் சத்தமாகக் கதைக்கும் ஆள், கட்டிலில் இருந்த எனக்கும் கேட்டது.

"தங்கச்சி, அவைக்கு எல்லாம் சொல்லியாச்சு. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

அம்மா போனை வைத்துவிட்டு அப்பாவிடம், "உவர் எல்லா வீட்டுக்கும் உதைத்தானே சொல்லுறவர்" என்றார். அதோடு அவர் சொன்னதைக் காதில் போடாமல் விட்டுவிட்டார்.

அந்த நாட்களில் பெண் பார்ப்பது என்றால் றிச்மண்ட் ஹில் கோயில்தான், உங்களுக்குத் தெரியும். இரண்டு பகுதியும் தற்செயலாகச் சந்தித்த மாதிரி அருச்சனைத் தட்டோடு நிற்பார்கள். சரிவராவிட்டால் யாருக்கும் வெட்கமில்லை, சாமி கும்பிட வந்தோம் என்று போய்விடலாம். ஆனால் கோயிலுக்குள் சப்பாத்தோடு போக முடியாது. சப்பாத்தைக் கழற்றினால் சித்தியின் கால் அப்படியே தெரிந்துவிடும். கோயில் வீதியைச் சுற்றி நடக்கவும் வேண்டும். அம்மா இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்த இடம்தான் சீனத் தோட்டம்.

நாங்கள் சனிக்கிழமைகளில் மீன் வாங்கும் சீனப் பிளாசாவுக்குப் பின்னால் அது இருந்தது. முன்னால் கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு இடம் தேடும். மீன் கடைத் தண்ணீர் நடைபாதையில் ஓடும். பிளாசாவின் பக்கச் சுவரோடு போனால் வெள்ளைச் சுவரில் முழு வட்டமாக ஒரு வாசல் வரும். அந்த வட்டத்துக்குள் காலை வைத்தால் சத்தம் பாதியாகிவிடும். உள்ளே ஒரு குளம். குளத்தைச் சுற்றி ஓட்டை ஓட்டையாகக் கல்லுகள், ஒரு மூங்கில் பற்றை, தண்ணீரைத் தொடும் ஒரு பெரிய மரம். குளத்துக்கு மேலே ஒரு பாலம். அது நேராகப் போகாது, நாலு அடி போய்த் திரும்பும், பிறகு நாலு அடி போய் மற்றப் பக்கம் திரும்பும். பாலம் முடியும் இடத்தில் சிவப்புத் தூண்களோடு எட்டு மூலை மண்டபம் ஒன்று, உள்ளே சுற்றிவரப் பலகை ஆசனம்.

சுவர்களில் விசிறி மாதிரியும் பூ மாதிரியும் ஜன்னல்கள் வெட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத் தோட்டம்தான் தெரியும். இங்கே கொஞ்சம் தண்ணீர், அங்கே ஒரு கல்லு. முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கவே முடியாது. எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. சீனத்துப் பெண்கள் வெள்ளைக் கலியாண உடுப்போடு வந்து படம் எடுப்பார்கள். ஒரு முதியவர் நீண்ட தடியில் கட்டிய வலையால் குளத்தில் விழுந்த இலைகளை அள்ளிக்கொண்டிருப்பார். சிவப்பும் வெள்ளையுமாகப் பெரிய மீன்கள் அவருக்குப் பின்னாலேயே போகும். எங்கள் சனங்களில் ஒருவரையும் அங்கே நான் கண்டதில்லை.

முதல் நாள் சனிக்கிழமை, சித்தியை வீட்டில் விட்டுவிட்டு அம்மா ஒத்திகை பார்த்தார். மண்டபத்தில் போய்த் தானே இருந்துகொண்டார். சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு, குளத்துக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவைக் கேட்டார்.

"இஞ்சருங்கோ, கால் தெரியுதோ?"

"இல்லை."

"அந்தக் கல்லடிக்குப் போய் நிண்டு பாருங்கோ. குனிஞ்சு பாருங்கோ."

அப்பா கையில் மீன் பையோடு குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கல்லடியிலும் குனிந்து பார்த்தார். இலை அள்ளிய முதியவர் வலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இப்போது அதை நினைத்தால் அப்பாவின் முகம்தான் வருகிறது. அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் குனிந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா காரில் பின்னால் திரும்பி எனக்கு வேலை தந்தார்.

"நாளைக்கு உன்னையும் சித்தியையும் அங்க விட்டிட்டு நாங்கள் மீன் கடைக்குப் போவம். அவை வந்து பாத்திட்டுப் போகுமட்டும் சித்தியை எழும்ப விடாதை. விளங்குதோ?"

"ஏன் சித்திக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா வரமாட்டாள். நீ வாயைத் திறந்தியோ, அவளின்ர வாழ்க்கை போச்சு."

ஒரு பதினொரு வயதுப் பிள்ளையிடம் சொல்லும் கதையா அது? ஆனால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சித்தியின் வாழ்க்கையை என்னிடம் தந்திருக்கிறார்கள். அன்றிரவு ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு, அவரிடம் முதல் தடவையாக ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் என்று சொல்லிச் சித்திக்குக் கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்தினார் அம்மா. வழக்கத்தைவிட நாலு விரல் கீழே இறக்கி உடுத்தினார். சித்தி குனிந்து சேலைக் கரையை ஒரு தரம் பார்த்தார். போகும் வழியில் சீனத் தோட்டத்து மண்டபத்தில் எங்களை இருத்திவிட்டு, மீன் வாங்கிக்கொண்டு வருகிறோம் என்று இரண்டு பேரும் போனார்கள்.

நல்ல வெய்யில். பலகையில் பூசிய வர்ணம் சூடேறி மணத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது. சித்தி மீன்களை எண்ணுவோமா என்றார். பதினேழு வரை எண்ணினோம். அப்போதுதான் வட்ட வாசலுக்குள் மூன்று பேர் வந்தார்கள். தரகர் அங்கிள், வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர், கையில் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்த ஒரு அம்மா. மூவரும் அக்கரையில் நின்று குளத்தைப் பார்ப்பது மாதிரி எங்களைப் பார்த்தார்கள்.

"உவை ஆர்? தமிழ் ஆக்கள் மாதிரிக் கிடக்கு" என்றார் சித்தி.

"தெரியாது" என்றேன்.

திட்டப்படி அவர்கள் அங்கே நின்று பார்த்துவிட்டு வாசலில் அம்மா அப்பாவைச் சந்திக்க வேண்டும். ஆனால் அந்தத் தாய் பாலத்தில் ஏறிவிட்டார். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சேட்டுக்காரர். பாலம் நேராக இருந்திருந்தால் எனக்கு யோசிக்க நேரம் கிடைத்திராது. அது திரும்பித் திரும்பி வந்தபடியால் எனக்கு அந்த யோசனை வந்தது. "நித்திரை வருகுது சித்தி" என்று சொல்லி அவர் மடியில் தலையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டேன்.

காலடி கிட்ட வந்து நின்றது.

"பிள்ளை தமிழோ? எந்த ஊர்?" அந்தத் தாயின் குரல்.

வயதுக்கு மூத்தவர் முன்னால் வந்து நின்றால் எழும்ப வேண்டும். அதை எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, உடம்பே செய்யும். சித்தியின் தொடை என் கன்னத்தின் கீழே ஒரு தரம் இறுகியது. எழும்பப் போகிறார் என்று தெரிந்தது. நான் தலையை அழுத்தி, இரண்டு கையாலும் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். தொடை மெல்ல இளகியது.

சித்தி இருந்தபடியே ஊரைச் சொன்னார். "இருங்கோம்மா" என்றார். குரல் மட்டும் மரியாதையாக இருந்தது.

"நான் இருக்க வரேல்லை" என்றார் அந்தத் தாய்.

நான் கண்ணிமையைச் சற்றுத் திறந்து பார்த்தேன். வெள்ளைச் சேட்டுக்காரர் பாலத்தின் கடைசித் திருப்பத்தில் நின்றார். சேலைக் கரைக்கு வெளியே சித்தியின் இடது சப்பாத்தின் நுனி தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தார், எதற்கோ காத்திருப்பது மாதிரி. தாய் திரும்பிப் போனார். அவரும் போனார், போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை தரகர் அங்கிளின் போன் வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். வேண்டாம் என்பதற்கு அப்போது எல்லோரும் சொல்லும் காரணம் அதுதான். அம்மா போனை வைத்தார், என்னிடம் வந்தார்.

"எழும்ப விட்டனியோ?"

"இல்லை அம்மா."

"பொய் சொல்லாதை. கால் தெரியாமல் ஏன் வேண்டாம் எண்டவை?"

"நான் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு படுத்திருந்தனான், அவ எழும்பவே இல்லை."

கன்னத்தில் அடி விழுந்தது. பிறகுதான் இரண்டு பேரும் பார்த்தோம், சித்தி வேலை உடுப்போடு படியடியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அடுப்பில் கேத்திலை வைத்தார். அன்றைக்குக் கட்டிலில் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்தார். பனி விழுவதற்கு முதல், தொழிற்சாலைச் சிநேகிதியோடு ஒரு அறை எடுத்துப் போய்விட்டார். பிறகு யாரும் அவருக்குப் பேச்சுக்கால் கொண்டுவரவில்லை, கொண்டுவரவும் அவர் விடவில்லை. தோட்டத்தையும் பிளாசாவையும் இடித்து இப்போது உயரமான கொண்டோக் குடியிருப்புக் கட்டிவிட்டார்கள். அம்மா கண்ணை மூடும்வரை, எங்கேயோ ஒரு பக்கத்தால் கால் தெரிந்துவிட்டது என்றுதான் நம்பினார். அப்பா சரியாகக் குனிந்து பார்க்கவில்லை என்று அவரையும் குறை சொன்னார்.

போன பங்குனியில் ஒரு செத்தவீட்டில் நரைத்த ஒருவர் யாரிடமோ விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீங்கள் சித்தியின்ர மடியில படுத்திருந்த பிள்ளையெல்லோ?"

வெள்ளைச் சேட்டு இல்லை, ஆனால் அந்தப் பார்வை எனக்குத் தெரிந்தது. சித்தி எப்படி இருக்கிறார், தனியாகவா இருக்கிறார் என்று கேட்டார். பிறகு, பிரேதப் பெட்டியைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள் என்ற எண்ணமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"நான் அவவை ஷெப்பேட் பஸ்ஸில ஒரு வருசம் பாத்தனான், பிள்ளை. பனிக்குள்ள அந்தக் காலோட ஒரு நாளும் பஸ்ஸைத் தவறவிடமாட்டா. நான்தான் தரகரிட்டைப் போய்க் கேட்டனான். கால் விசயம் எனக்கும் தெரியும், அம்மாக்கும் தெரியும். அம்மா ஓம் எண்டுதான் வந்தவ."

"பிறகு ஏன்?"

"பெரியாள் வந்து முன்னால நிக்க எழும்பேல்லை எண்டு அம்மா பிடிச்ச பிடி. அந்தக் காலத்தில அம்மாவை மீறிக் கதைக்கிற துணிவு எனக்கும் இல்லை. உண்மையைச் சொன்னா, எனக்கும் கவலையாப் போச்சு. என்னைப் பிடிக்காமல்தான் எழும்பாமல் இருந்தவ எண்டு நினைச்சன்."

அவருக்கு இரண்டு பிள்ளைகள், பேரப்பிள்ளையும் உண்டு. மனைவி நல்லவர் என்று அவராகவே சொன்னார். நான் காருக்குள் வந்து இருந்து அழுதேன். ஒரு முழு மனுசியின் வாழ்க்கையை இரண்டு சின்னக் கையால் பிடித்து இருத்தியிருக்கிறேன். தரகர் அங்கிள் எல்லாம் சொல்லியாச்சு என்றாரே, அதை நம்பியிருந்தால் போதும். சித்தியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அடுத்த ஞாயிறு சித்தியின் அப்பாட்மென்ற்றுக்குப் போனேன். வேலையை விட்டுவிட்டார், இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். சப்பாத்தும் புதிது, மெல்லிசாகச் செய்கிறார்கள். தேத்தண்ணியை வைத்துவிட்டு முன்னால் இருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"சித்தி, அண்டைக்குச் சீனத் தோட்டத்தில நான் நித்திரை இல்லை."

"தெரியும்."

"அம்மா சொன்னவ, உங்களை எழும்ப விடவேண்டாம் எண்டு."

"உதுவும் தெரியும். கொம்மா உனக்கு அடிக்கேக்க நிண்டு கேட்டனான்தானே."

"நான் பிடிச்சபடியால்தான் நீங்கள் எழும்பேல்லை. உங்கட வாழ்க்கையை நான்தான்..."

சித்தி சிரித்தார். உண்மையாகவே சிரித்தார்.

"விசரி. நீ அப்ப எலும்பும் தோலும். நான் ஒரு நாளைக்கு எத்தினை பெட்டி தூக்கி அடுக்கினனான், உன்னைத் தள்ளிவிட எனக்கு ஏலாதோ?"

"அப்ப ஏன் எழும்பேல்லை?"

"எழும்பத்தான் வெளிக்கிட்டன். சேலையை அவ்வளவு கீழ இறக்கி உடுத்தேக்கயே எனக்கு விளங்கீற்று, பாக்க வருகினம் எண்டு. அந்தப் பெடியனும் நல்ல முகம். எங்கேயோ கண்ட மாதிரியும் இருந்தது." கோப்பையின் காதை விரலால் தடவினார். "பிறகு யோசிச்சன், இவன் என்னை இருந்தபடியே பாத்திட்டுப் போகட்டும் எண்டு. வாழ்க்கையில ஒருத்தராவது என்னை இந்தக் கால் இல்லாமல் பாக்கட்டும். அவன் வேண்டாம் எண்டான், சரி. ஆனா காலைப் பாத்துச் சொல்லேல்லைத்தானே. ஆரும் ஏதும் சொன்னா அவனைத்தான் நினைப்பன். அவன் ஒருத்தனுக்கு நான் நொண்டி இல்லை."

முப்பது வருடம் அந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். எனக்கு வாய் வரை வந்தது. அவர் உங்களை நடக்கக் கண்டுதான் கேட்டு வந்தவர் சித்தி, அந்தக் காலோடு நீங்கள் எழும்பி வருவீர்கள் என்றுதான் பாலத்தில் காத்துக்கொண்டு நின்றவர். அதைச் சொன்னால் அவருக்கு ஒன்று கிடைக்கும். அதே நேரம் ஒன்று போய்விடும். எது பெரிது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

சித்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேறை ஏதும் சொல்ல வந்தனியோ?"

"இல்லைச் சித்தி."

அவர் என்னை நம்பினார். பிஸ்கட் எடுத்துக்கொண்டு வரக் குசினிக்குப் போனார், நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.